எரித்தது யாரை

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்யாணமாகி அஸ்தினாபுரத்துக்கு வந்து டீச்சராகச் சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரரின் தங்கை காணாமல் போனாள். சில நாளில் தாம்பரம் பக்கத்து ஏரியில் ஒரு பெண் பிணம் மிதந்தது. தன் தங்கைதான் என்று அவர் அடையாளம் சொன்னார். அவள் புருஷன் லாரி டிரைவர். அவளை அடிப்பவன் என்பது ஊரறிந்த சேதி. ஆயுள் தண்டனை கிடைத்தது. வேனில் ஏற்றும்போதும், "நான் கொல்லலை, அவ எங்கியோ கீறா" என்றே சொன்னானாம்.

புருஷன் ஜெயிலில் இருந்ததால் அவளுக்கு வருஷாவருஷம் அண்ணன் வீட்டில்தான் படையல் போட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் அவன் விடுதலையாகி வந்தான். கோயில் கோயிலாக அவளைத் தேடுகிறான் என்று கேள்விப்பட்டோம். புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து திரும்பியபோது நல்ல வெயில். பக்கத்து வீட்டு வாசலில் அவன் நின்றான். பின்னால் ஒரு பெண். மெலிந்து நரைத்திருந்தாள். ஆனாலும் தெரிந்தது. கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருந்தவள்.

"மச்சான், உன் தங்கச்சி. குன்றத்தூர் மலையடில பூ வித்துகினு இருந்தா."

அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அடி தாங்காமத்தான் ஓடினேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்து. "இவரு ஜெயிலுக்குப் போனது எனக்குத் தெரியாது."

பிறகு தண்ணீர் கேட்டாள். அங்கே யாரும் அசையவில்லை. நான்தான் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் விரல் பட்டது, சூடாக இருந்தது.

"முகமே இல்லப்பா" என்றார் அண்ணன். "மீன் தின்னுட்டிருந்துது. புடவையப் பாத்துச் சொன்னேன்."

"அப்போ எரிச்சது யாரை?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை.

இரண்டு பேரோடும் இருக்கமாட்டேன் என்று அவள் அன்றே பஸ் ஏறிவிட்டாள். அவன் வக்கீல் வைத்து அலைந்து, குற்றமற்றவன் என்று தீர்ப்பு வாங்கினான். அதன்பிறகு மச்சானை வெட்டுவான் என்று தெருவே பயந்தது. அவன் தினம் காலையில் வந்து, வாசலில் நின்று, அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனான். அண்ணன் ஜன்னல்களைச் சாத்தினார். வேலைக்குப் போவதை நிறுத்தினார். கடைசியில் அவனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தப்பாக அடையாளம் சொன்னதை ஒப்புக்கொண்டு, செத்தவள் யாரென்று தேடச் சொன்னார். யாரும் தேடவில்லை. அவன் அப்புறம் வரவில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கும் பக்கத்து வீட்டில் இலை போட்டார்கள். அண்ணன் மனைவி மதிலோரம் வந்தாள்.

"டீச்சர், பேரு சொல்லிக் கும்பிடணுமே. இவளை என்னன்னு கூப்பிடறது?"