குப்பம்மாள் வைத்த கல்

புதிதாய்ப் பிளந்த வெக்காலி விறகின் மணம்... லேசான புளிப்பும் துவர்ப்பும் கலந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும், கண்ணை மூடினால் அது என் உள்ளங்கையிலிருந்தே எழுகிறது. அந்த விறகைப் பிளந்தவன் நான். பிளக்க நேர்ந்தது என் பிழையால்.

அன்பர்களே, அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சந்தவாசலில் வளர்ந்த என்னை, முதல் வேலையாக ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடக்கவேண்டும். முப்பது வீடுகள். அவர்களுடைய தெய்வத்தின் கோயில் காட்டுக்குள் வெகு தொலைவு. ஆண்டுக்கு ஒருமுறைதான் வழிபாடு. நாள்தோறும் சந்நிதியில் நின்று பழகிய எனக்கு, அந்த வாழ்க்கை உப்பில்லாத சோறாக இருந்தது.

புரட்டாசி மாதம். விடியலில் ஓடையில் நீராடித் திரும்புகையில், சாய்ந்து உலர்ந்து கிடந்த பெரிய வெக்காலி மரத்தின்மேல் ஒரு கல்லைக் கண்டேன். கரிய, வழவழப்பான ஓடைக்கல். நிமிர்ந்து நின்றது. சரிந்துவிடாதபடி இருபுறமும் சிறு கற்கள் அணைகொடுத்திருந்தன.

பக்தர் எவரோ நிறுத்திய திருமேனி என்று என் நெஞ்சு முடிவு செய்துவிட்டது. திருநீறு பூசினேன். குங்குமம் இட்டேன். நான்கு தும்பைப் பூக்களைச் சாத்திக் கண்ணீர் மல்க வணங்கினேன்.

மறுநாள் கற்பூரம்.

மூன்றாம் நாள் போனால், எனக்கு முன்பே யாரோ மஞ்சள் துணி சுற்றி எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மெய்சிலிர்த்தது...

நான்காம் நாள் பள்ளி வாசலில் குப்பம்மாள் வந்து நின்றார். கணவரை இழந்தவர். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர அமிர்திப் பக்கம் போயிருந்தவர், முன்தினம்தான் அவளோடு திரும்பியிருந்தார்.

"வாத்தியாரே, அந்தக் கட்ட மேல பொட்டு வெச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா," என்றேன், பெருமையாக.

"என் அடுப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! அது சாமி இல்லீங்க. நான் வெச்ச கல்லு!"

காட்டில் தானாக விழுந்த மரத்தை முதலில் கண்டவர், அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டால் அது அவருடையது. மாதம் கழித்து வந்தாலும் ஒரு சுள்ளி குறையாது. ஊர் முழுவதும் அறிந்த வழக்கம். அறியாதவன் நான் ஒருவன்தான். அறிந்தவர்கள் மஞ்சள் துணி சுற்றியது ஏன் என்று கேட்பீர்கள். படித்த வாத்தியார் கற்பூரம் காட்டுகிறார், கனவில் ஏதோ உத்தரவு வந்திருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

மழை பிடிக்கப் பத்து நாள்தான் இருந்தது. பிடித்தால் காடே நனைந்துவிடும். பிள்ளை பிறக்கும் வீட்டில் ஓயாமல் வெந்நீர் வேண்டும். மலைக்குளிரில் தாய்க்கும் சேய்க்கும் கணப்பு வேண்டும். அந்த ஒரு மரத்தை நம்பித்தான் குப்பம்மாள் மகளை அழைத்துவரப் போயிருந்தார். இப்போது அதைத் தொட ஒருவரும் முன்வரவில்லை.

அன்று மாலை ஊரார் முன் எல்லாவற்றையும் சொன்னேன். கனவுமில்லை, உத்தரவுமில்லை, அறியாமை என்றேன். குப்பம்மாளின் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் விடவில்லை.

"கல்லுன்னே வெச்சிக்கலாம் சார். பூஜ பண்ணிட்டீங்களே! சாமி குந்தின கட்டைய புள்ள பெத்த வூட்ல எரிக்கிறதா? எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது. மொத வெட்டு யார் வெட்றது?"

"நான்," என்றேன்.

ஒரே சிரிப்பு. சாக்பீஸ் பிடித்த என் கைகளை அவர்கள் அறிவார்கள்.

மறுநாள் ஞாயிறு. நீராடி, கல்லைத் தலையில் சுமந்து, ஓடைக்கரையில் உயிரோடு நின்ற நாவல் மரத்தடியில் இறக்கினேன். "பெருமானே, இங்கே எழுந்தருளும். அந்தக் கட்டையை அந்தத் தாய்க்கு விட்டுவிடும்," என்று வேண்டினேன். உள்ளூர எனக்கும் அச்சந்தான்.

முதல் வெட்டில் கோடரி துள்ளித் திரும்பியது.

"கணுவுல அடிக்காதீங்க! வெடிப்பு எங்க கீதுன்னு பாருங்க," என்றார் குப்பம்மாள். பத்தாவது வெட்டில், "பொட்டு மட்டும் அழகா வெக்கத் தெரியுது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நண்பகலாகியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகு கோவிந்தன் வந்தான். "தள்ளுங்க சார். உங்க கையில வுட்டா கொழந்த நடந்து வந்து வெறகு கேக்கும்."

பிறகு நாள்தோறும் பள்ளி முடிந்ததும், துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலைச்சுமை. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்தன, கழுத்து திரும்பவில்லை. கடைசிக் கட்டை இறக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை... குப்பம்மாள் வீட்டுக் கூரையில் புகை கசிந்தது. புகையைத் தொடர்ந்து ஓர் அழுகுரல். பெண் குழந்தை. குடை மறந்து மழையிலேயே நின்றிருந்தேன்.

இன்று என் வீட்டில் குழாயைத் திருகினால் வெந்நீர். நன்மைதான், குறை சொல்லேன். ஆனால் அந்த வெந்நீரைப் பற்றி என் உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது.

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். இப்போது தார்ச்சாலை. நாவல் மரத்தடியில் தகரக் கொட்டகை, மணி, டியூப்லைட்! சந்தனக்காப்புக்குள் கல் அடையாளமே தெரியவில்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். குப்பம்மாளின் அதே கண்கள். நான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல், வீட்டில் இன்னும் விறகடுப்பா என்று கேட்டேன்.

"கேஸ்தாங்க. வெறகு யார் சொமக்கிறது?" என்றவள், கல்லைக் காட்டினாள். "இது எங்க ஆயா வெச்ச சாமிங்க. நான் பொறந்த மழையில என்னை குளிராம காத்த சாமின்னு ஆயா சொல்லும்."

"ஆமாம்மா. உங்க ஆயா வைத்ததுதான்," என்றேன்.

தட்டை நீட்டினாள். இம்முறை குங்குமத்தை என் நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டேன்.