நாடா வெட்டும்வரை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் நான் தரம் ஒன்றுக்குக் கற்பித்த காலத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

கனடாவிலிருந்த பழைய மாணவர்கள் பிள்ளைகளுக்குப் புதிய மலசலகூடம் கட்டித் தந்தார்கள். வேலை முடிந்த அன்றே பாடசாலை அதிபர் அதைப் பூட்டி, திறப்பைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். அமைச்சர் வந்து நாடா வெட்டும்வரை யாரும் உள்ளே போகக் கூடாதாம். பழையதில் கதவு கழன்று கிடந்தது, தண்ணீரும் வராது. அமைச்சருக்கோ நேரம் கிடைக்கவில்லை. விழா தள்ளிக்கொண்டே போனது.

என் வகுப்பில் ஒரு சிறுமி, கொண்டுவரும் தண்ணீரைத் தொடாமலே வீட்டுக்குக் கொண்டு போவாள்.

"ஏன் பிள்ளை குடிக்கேல்லை?"

"குடிச்சா ஒண்டுக்கு வரும் ரீச்சர். அங்கை கதவில்லை."

அன்றே அதிபரிடம் போனேன். "சேர், சின்னப் பிள்ளையளுக்கு மட்டுமெண்டாலும் திறந்து விடுங்கோ."

"விழாவுக்கு முதல் ஊத்தையாக்கிப் போடுவினம். கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர்."

"நான் பொறுப்பன். உதுகள் எப்பிடிப் பொறுக்கும்?"

அவர் தொலைபேசியை எடுத்து, அமைச்சருக்குப் போடும் பூமாலைக்குச் சொல்லத் தொடங்கினார்.

ஆசிரியர் ஓய்வறையில் கொதித்தேன். "அதிபரெண்டா கண்டிப்பாத்தான் இருக்கோணும். முந்தின ஆள் மாதிரி எல்லாத்துக்கும் ஓமெண்டால் பள்ளிக்கூடம் நடத்தேலாது" என்றார் ஒரு மூத்த ஆசிரியை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். முந்தைய அதிபர் மழை நாட்களில் தானே வாளியோடு ஒழுகும் வகுப்புகளுக்குள் வருவார். அதற்காகவே அவரை ஆளத் தெரியாதவர் என்றார்கள். பயப்படுத்தத் தெரிந்தவர்தான் அவர்களுக்குத் தலைவர்.

அடுத்த கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் ஒழுக்கத்தைப் பற்றி வெயிலில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமியின் வெள்ளைச் சட்டை நனைந்து, சிறுநீர் சப்பாத்துவரை வழிந்தது. பின்வரிசை சிரித்தது. அதிபர் பேச்சை நிறுத்தி, "ரீச்சர், உந்தப் பிள்ளையை அங்காலை கொண்டு போங்கோ" என்றார்.

கொண்டு போனேன். தோட்டத்தில் கிடந்த அலவாங்கை எடுத்துப் பூட்டை உடைத்தேன். அவளை உள்ளே வைத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அதிபர் ஓடிவந்தார்.

"என்ன வேலை பாத்தியள்!"

"நீங்கள் பாத்திருக்க வேண்டிய வேலை, சேர்."

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். எனக்காகக் கதைக்க ஓய்வறையிலிருந்து ஒருவரும் எழும்பவில்லை. எனக்குத் தண்டனையாகத் தீவுப்பக்கம் இடமாற்றம் கிடைத்தது. ஆனால் உடைந்த பூட்டுக்குப் பதில் இன்னொன்று போட அதிபருக்குத் துணிவு வரவில்லை. விஷயம் அறிந்த தாய்மார் வந்து மலசலகூட வாசலில் நின்றுவிட்டார்கள்.

நான் போவதற்கு முன்பே விழாவும் நடந்தது. பிள்ளைகள் பாவித்துக்கொண்டிருந்த மலசலகூடத்துக்கு அமைச்சர் நாடா வெட்டி, அதிபரின் தலைமைத்துவத்தை மெச்சினார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்த அந்த மூத்த ஆசிரியை என் காதருகே குனிந்தார்.

"நீங்கள் செய்தது சரிதான் ரீச்சர். நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அதிபரை நான் ஓரளவு மறந்துவிட்டேன். அந்த மூத்த ஆசிரியையை மன்னிக்கத்தான் இன்னும் என்னால் முடியவில்லை.