கை படாத தங்கம்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. மாளிகையின் பெரிய கூடத்தில் முப்பது பேரை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டு வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தான்.

"இது அரசர் தன் மந்திரிக்குக் கொடுத்த வீடு. விதானத்துக்குத் தங்கத்தையும் அனுப்பி, அரண்மனை வேலைக்காரங்களையும் அனுப்பி வச்சார். மேல பாருங்க. இருநூறு வருஷமா யார் கையும் படாத தங்கம்."

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எடுத்தான். பேசியது அக்கா. மூன்று நாளாக உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்த அத்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம்.

அந்தத் தங்கத்தில் கை வைத்தவரே அத்தான்தான்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருந்தவர் அவர். உடைந்த கண்ணாடிச் சட்டம் ஒன்றைச் சரிசெய்ய மாளிகைக்கு வந்தார். போகிற போக்கில் விதானத்தைப் பார்த்தார். அதோடு இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மரத்தில் செதுக்கிய நூற்றுக்கணக்கான பூக்கள். மழைக்கு மழை நாலைந்தில் தங்கம் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, சிவப்பு மண் பூசி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார். பிறகு வாயைக் குவித்து அதன்மேல் சூடான மூச்சு விட்டு, தங்கத் தாளை ஒட்டுவார். தாள் லேசான காற்றுக்கே பறந்துவிடும். அதனால் ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும், மின்விசிறி ஓடாது. காலை எட்டு முதல் மதியம் ஒன்று வரை மனிதருக்கு வாயே கிடையாது. சேர்த்து வைத்ததையெல்லாம் சாப்பாட்டு வேளையில் கொட்டுவார்.

"உங்கக்கா திட்டும்போதும் இப்படித்தான் மூச்சைப் பிடிச்சுக்குவேன் மச்சான். கத்துக்கிட்ட தொழில் எங்கெல்லாம் உதவுது பாரு."

கடைசியாக நீர்த்த பழுப்புச் சாயம் ஒரு பூச்சு. பக்கத்தில் இருக்கிற பழசைப் புதுசு கூச வைக்கக் கூடாது என்பார். அது காய்ந்தபின் எது அரசர் காலத்துப் பூ, எது போன மாதத்துப் பூ என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

ஒருமுறை கலை வரலாறு சொல்லித்தரும் பேராசிரியை தன் மாணவர்களோடு வந்திருந்தார். ஒரு பூவைக் காட்டி, அரண்மனைக் கைவேலை தனியாகத் தெரிகிறது, இந்தக் காலத்தில் இது யாருக்கு வரும் என்றார். அத்தான் அதை ஒட்டி எட்டு நாள்கூட ஆகவில்லை. பக்கத்திலேயே ஏணி மேல் நின்றிருந்தார். வழிகாட்டி தரையைப் பார்த்துக்கொண்டு "ஆமாங்க" என்றான். ஏணியில் இருப்பவர் ஒட்டியது என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் அரசரின் தங்கத்தைக் காட்டுகிறவன் என்றால் ஒரு கெத்து. அக்கா புருஷன் ஒட்டியதைக் காட்டுகிறவன் என்றால் என்ன இருக்கிறது?

மதியம் அத்தான்தான் பேச்சை எடுத்தார். "யாருக்கு வரும்னு கேட்டாங்களே, நான் கையைத் தூக்கியிருக்கலாமோ?"

அவர் சிரித்தார். இவனும் சிரித்து வைத்தான்.

அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று அக்கா இரண்டு மூன்று தடவை கேட்டதுண்டு. கூட்டமா இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தான். கூட்டத்துக்குத் தான் சொல்வது அவள் காதில் விழுமே என்ற பயம்தான்.

அவர் போய் மூன்று வாரம் கழித்து அவளே வந்து நின்றாள். விடுமுறை நாள், கூடத்தில் வேறு யாரும் இல்லை. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல அவர் செஞ்சது எதுடா?"

எங்கேயாவது கையைக் காட்டினால் போதும். நம்பிவிடுவாள். பழகிய கை, தானாகவே பாதி வரை எழும்பிவிட்டது. அவன் அதைக் கீழே இறக்கினான். பேராசிரியை காட்டிய பூகூட எது என்று தெரியாது. அன்று அவன் மேலே பார்க்கவே இல்லையே. அலுவலகக் கோப்பிலும் தேடியாயிற்று. வருஷத்துக்கு ஒரு தரம் 'விதானப் பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

"தெரியலக்கா. ஒரு நாளும் அவர்கிட்ட கேட்டதில்ல. வர்றவங்ககிட்ட, யாரும் தொட்டதே இல்லன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

"அவர் இருக்கும்போதா?"

"மேல ஏணியில இருப்பார்க்கா. காதுல விழுந்திருக்கும்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக வரிசை வரிசையாகப் பார்த்தபடி நடந்தாள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே நின்றுவிட்டாள். அவனும் போய் நின்றான். மூன்று வாரமாகத் தினமும் அதற்குக் கீழேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

அங்கே ஒரு பூவில் மூன்று இதழ்களுக்குத் தங்கம் ஒட்டியிருந்தது. மீதி இரண்டில் சிவப்பு மண் பூசி, தேய்த்து, அப்படியே விட்டிருந்தது.