லோரி முனியின் காலடியில் கிடந்தவர்

லோரி முனியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் பல் மருத்துவர். ஜப்பான்காரன் காலத்தில் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் புறப்பட்ட லோரியை முனீஸ்வரர் நடுச்சாலையில் நின்று மறித்தாராம். இயந்திரம் புகைந்து நின்றுவிட, ஆட்கள் காட்டுக்குள் ஓடித் தப்பினார்களாம். லோரியை ஓட்டிய துரோகியின் முழங்காலை முனி மிதித்து நொறுக்கினாராம்; அங்குள்ள கோயிலில் அவன் இன்னும் சிலையாக முனியின் காலடியில் கிடக்கிறானாம். என் வாய் திறந்தே இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை.

நான் வரலாறு படித்தவள். சாமி லோரியை மறித்தது என்று யாராவது சொன்னால் லோரியில் என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இந்த வலைப்பூவில் அந்தக் கதையை நாலு வரியில், கொஞ்சம் கேலியாகவே எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து ஜித்ராவிலிருந்து ஒரு செய்தி வந்தது.

“வணக்கம். முனியின் காலுக்குக் கீழே கிடக்கிற ஆள் என் அப்பா. ஆகஸ்டில் கும்பாபிஷேகம் என்று கேள்விப்பட்டேன். புதுச் சாயம் அடிப்பதற்குள் அந்தச் சிலையை எடுக்க வழி உண்டா? எனக்கு வயது எழுபத்து மூன்று. சரோஜா.”

கேலி செய்தது உறுத்தியது. மே மாதக் கடைசி வார விடுமுறையில் புறப்பட்டேன். (எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெளி மாநிலத்திலிருந்து வருபவர்கள் இதை மறந்துவிட்டு வெள்ளிக்கிழமை அரசு அலுவலக வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.)

வெள்ளி காலை 7.30க்கு சுங்கைப் பட்டாணியில் காரை எடுத்தேன். ஜித்ரா ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டோல் ஏழு ரிங்கிட் சொச்சம். அலோர் ஸ்டாரைத் தாண்டியதும் இரு பக்கமும் நெல்வயல். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இந்தப் பக்கமாகத்தான் இறங்கி வந்தது. ஜித்ராவில் ரொட்டி சானாய் இரண்டும் தே தாரிக் ஒன்றும் நாலரை ரிங்கிட். சரியாக ஒன்பதுக்கு சரோஜா அம்மாவின் வீட்டு வாசலில் நின்றேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூடக் கண்டீன் நடத்தியவர். “பசியாறிட்டீங்களா?” என்றார். ஆயிற்று என்றேன். “ஆனா என்னா, ரெண்டாவது தடவ பசியாறக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? உக்காருங்கலா” என்று இட்டலித் தட்டை முன்னால் தள்ளினார். நான் முதல் இட்டலியைப் பிட்ட பிறகே பேச ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா மாணிக்கம் ஜித்ராவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரத் துரையிடம் லோரி ஓட்டக் கற்றவர். துரை தெற்கே ஓடினார். “ஜப்பான்காரன் வந்து லோரிய எடுத்தான். சாவி எங்கன்னு கேட்டான். அப்பா சாவியக் குடுத்தாரு. அப்பாவயும் சேத்து எடுத்துக்கிட்டான்.”

பாடாங் மேஹா பக்கம் ஆள் ஏற்றிய அன்று காலை ரேடியேட்டர் ஒழுகியது. தோட்டத்து எல்லையைத் தாண்டுவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. காவலுக்கு வந்த இரண்டு சிப்பாய்களும் இறங்கி, பின்பக்கம் ஏற்றியிருந்த ஆட்கள் மேல் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சாலையோர ரப்பர் மர நிரையில் பெண்கள் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். (ரப்பரைக் காய்ச்சி லோரிக்கு எண்ணெய் எடுத்த காலம் அது. சில தோட்டங்களில் மரம் வெட்டு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, நிற்கவில்லை.)

“அப்பா அவங்ககிட்ட தண்ணி கேட்டாராம். ‘தண்ணி இல்ல தம்பி, பாலுதான் இருக்கு’ன்னு ஒரு அம்மா சொல்லுச்சாம். ‘அதையே ஊத்துங்க’ன்னுட்டாரு.”

ரப்பர் பால் சூட்டில் திரிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைத்துக்கொண்டது. இரண்டு மைல் போவதற்குள் மேட்டில் இயந்திரம் இறுகி நின்றது. சிப்பாய்கள் ஆட்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள். தள்ள இறங்கியவர்கள் மரங்களுக்குள் சிதறி ஓடிவிட்டார்கள். சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் மாணிக்கத்தின் வலது முழங்காலை உடைத்தார்கள். சாகும்வரை அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். வேறு தண்ணீர் கிடைக்காத அவசரத்தில் சொல்லியிருக்கலாம் இல்லையா?

சரோஜா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தோட்டத்துல பொறந்தவரு. அடுப்புப் பக்கத்துல பால வச்சா என்னா ஆவும்னு எங்க வீட்டுப் பூனைக்குக்கூட தெரியும்.”

பிறகு ஏன் அவர் போய்த் தன் பக்கத்தைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நானும் கேட்டேன். ‘அது நான் ஆள் ஏத்துன மூணாவது லோரி. மொத ரெண்டும் ஒழுங்கா போய்ச் சேந்துச்சு. அதுல போனவங்க ஒருத்தரும் வரல. அந்தச் செல அங்கயே கெடக்கட்டும்’ன்னாரு. அவரு இருந்தவரைக்கும் நான் வாயத் தொறக்கல. இப்ப அவரு இல்ல. அதுல யாரோ சிங்கப்பல் வேற வச்சிருக்காங்க. போனுல படம் பாத்தேன்.”

கதை எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். தகப்பனைப் பற்றி மகள் சொல்வது சாட்சியம்தான், ஆனால் ஒற்றைச் சாட்சியம்.

மறுநாள் சனிக்கிழமை காலை 8.40க்குப் பாடாங் மேஹா போய்ச் சேர்ந்தேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஓர் ஓரத்தில் மட்டும் சிறு தோட்டக்காரர் ஒருவரின் ரப்பர் மரங்கள் எஞ்சியிருக்கின்றன. முனி ஏழடி உயரம், முறுக்கு மீசை, கையில் அரிவாள். அவருடைய வலது காலுக்குக் கீழே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், கையில் லோரிச் சுக்கானோடு, சிங்கப்பல் தெரிய மல்லாந்து கிடந்தார். பக்கத்து மேடையில் மஞ்சள் குங்குமம் பூசிய துருப்பிடித்த ரேடியேட்டர். அந்த லோரியினுடையதுதான் என்கிறார்கள்.

கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் மாரியாயி அக்கா. அறுபதைத் தாண்டியவர், இன்னும் மரம் வெட்டப் போகிறவர். ஜித்ராவில் கேட்ட எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. ரேடியேட்டருக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே கறுத்து இறுகிய ரப்பர். மனம் ஒரு கணம் துள்ளியது.

“அது நாங்க ஊத்துனதுதான். வருசா வருசம் திருவிழாவுக்கு ஊத்துவோம்ல” என்றார் அக்கா. தடயம் என்று நினைத்தது அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

“எதுக்குக்கா ரப்பர் பால்?”

“பசும்பாலு முனிக்கு. இது இரும்புக்கு. மரம் வெட்டுற பொம்பளைங்கதான் ஊத்தணும், ஆம்பளைங்க வாளியத் தொடக்கூடாது. இத ஊத்தாம அபிசேகம் தொடங்க முடியாது. மொதல்ல பூசாரி வந்து எங்ககிட்ட தண்ணி கேக்கணும். தண்ணி இல்ல, பாலுதான் இருக்குன்னு நாங்க சொல்லணும். அதையே ஊத்துங்கன்னு அவரு சொல்லணும். போன வருசம் மறந்துபோய் பேந்தப் பேந்த முழிச்சாரு. சொல்லட்டும்னு கால் மணி நேரம் வெயில்ல நிக்க வச்சோம்.”

அந்த மூன்று வாக்கியங்களையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

“கேக்குறது யாருக்கா?”

“முனின்னு சொல்லுவாங்க.”

“முனிக்கு எதுக்குத் தண்ணி?”

அக்கா விளக்குமாற்றை ஊன்றி நின்றார். “எங்கம்மாகிட்ட நானும் கேட்டேன். ‘கேட்டவன் கேட்டான், நீ ஊத்து’ன்னுச்சு.”

அங்கிருந்தே சரோஜா அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்தக் கோயில் சடங்கைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? “என்னா சடங்கு?” என்றார். இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர் அப்பாவும் அந்த நாளுக்குப் பிறகு வரவில்லை. மாரியாயி அக்காவுக்கோ மாணிக்கம் என்ற பெயரே தெரியாது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு வீடுகளில் அதே மூன்று வாக்கியங்கள் அதே வரிசையில் இருந்திருக்கின்றன. ஆண்கள் கதையை முனிக்குக் கொடுத்துவிட்டார்கள். வாளியைத் தூக்கிய பெண்கள் நடந்ததை அப்படியே வருடம் ஒருமுறை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் படித்த எந்த ஆவணக் காப்பகத்திலும் இவ்வளவு கறாரான காப்பாளர்களைக் கண்டதில்லை.

பிறகுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலடியில் கிடந்தவரின் சிங்கப்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் தலைவரைக் கையோடு கூட்டி வந்தார்.

தலைவர் ஐம்பது வயதுக்காரர், பண்பானவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “சாமி கதையில கை வைக்காதீங்க டீச்சர்.” (நான் ஆசிரியை இல்லை. கண்ணாடி போட்டிருந்தால் போதும் போலிருக்கிறது.) “மிதிக்க ஆளில்லாம முனி எப்படி நிப்பாரு?”

“அப்ப நீயே போய் படு, தம்பி” என்றார் மாரியாயி அக்கா.

“அக்கா, வெளயாடாதீங்கலா.”

“வெளயாடல. அந்த மனுசன் அன்னைக்கு வாயத் தொறக்கலன்னா எங்க தாத்தா சயாமுல மண்ணா போயிருப்பாரு. நானும் இல்ல, இங்க கூட்டுறதுக்கு ஆளும் இல்ல. எடுங்க. எடுக்கலன்னா இந்த வருசம் நாங்க ஒருத்தியும் ஊத்த மாட்டோம். நீங்களே கேட்டு நீங்களே ஊத்திக்குங்க.”

ஜூன் நடுவில் தலைவர் அழைத்தார். கூட்டம் மூன்று தடவை கூடியதாம். பெண்கள் அசையவில்லையாம். எடுக்கிறோம் என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பாடாங் மேஹாவுக்குப் பேருந்தை நம்பாதீர்கள். வாடகைக் கார் என்றால் போக வர நூறு ரிங்கிட்டாவது கேட்பார்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் சிறிய கார் இறங்காது. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை இல்லை. வேலை நாள் என்றால் பதினொரு மணிக்கு மேல் போனால்தான் மரம் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். ஜித்ரா பயணத்தோடு கோலா கெடாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அலோர் ஸ்டாரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். படகுத்துறைப் பக்கம் எட்டு ரிங்கிட்டுக்கு மீனும் சோறும் நன்றாக இருந்தன. கோயிலில் யாரிடமும் எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்காதீர்கள். பதினேழு என்பார்கள், முப்பது என்பார்கள். எந்த வருடம் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் கும்பாபிஷேகத்தன்று சரோஜா அம்மாவை ஜித்ராவிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். காலை 9.15க்கு வந்து சேர்ந்தோம். காரில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பால்வாளிகளோடு நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாரியாயி அக்கா அவர் கையைப் பிடித்து முனிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

காக்கிச் சட்டைக்காரர் இல்லை. உளியால் செதுக்கி எடுத்த இடத்தில் சிமெண்டு வெளுப்பாகத் தெரிந்தது. மிதிக்க எதுவும் இல்லாமல் முனியின் வலது கால் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. சரோஜா அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். அவர் தலைவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, இவரு இப்படியே நின்னா கால் வலிக்கும்லா. கீழ ஒரு கல்லு வைங்க.”