நகரி பஸ்ஸில் வராத மாமன்

மலைக்கோயிலின் முடி காணிக்கை மண்டபத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அனுராதா மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் தணிகைவேலுக்கு முதுகு வரை பின்னல். பிறந்த முடி. முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் போட வேண்டும். அந்த மாமனோ, அதாவது அவள் தம்பி வேணு, போனை அணைத்துவிட்டு அரக்கோணத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அம்மாவின் தம்பி பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டார்களாம். நாலு வருடமாக அதே கோபம்.

"அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம் அனு," என்றான் கணவன் பாலமுருகன். "மாமன் மடி இல்லாம முடி எறக்கினா உங்க அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க."

"பசங்க சடைய புடிச்சி இழுக்கறாங்கம்மா," என்றான் பிள்ளை.

அனுராதா மகனின் பின்னலைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆடி, அடுத்த ஆடி என்றே ஒரு பிள்ளையின் ஆயுசு முடிந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவன் பெயர் கஜபதி. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன். அப்பா இல்லை. அம்மா கன்னியம்மாள் மலையேறுகிறவர்களுக்குத் தேங்காய்த் தட்டு விற்பவள். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை உதறிவிட்டு, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, பக்கத்து ஊரான நகரியில் தறி போட்டிருந்த அந்த அண்ணன் தங்கையின் முகத்தில் விழிப்பதில்லை. மாமன் மடி கிடைக்காமல் முடி இறக்கினால் தெய்வக் குற்றம் என்று பயந்தாள் கன்னியம்மாள். ஊர் உலகமெல்லாம் மொட்டை போட ஓடிவரும் மலையின் காலடியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இடுப்பு வரை சடையோடு பள்ளிக்கூடம் போனான்.

பையன்கள் விடுவார்களா?

"இன்னாமே கஜலட்சுமி, பூ வெக்கலியா இன்னிக்கு?"

சடையை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டு, மணி அடித்ததும் ஓடிவிடுவார்கள். சுந்தரமூர்த்தி வாத்தியார் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விடுவார். வகுப்புப் படம் எடுக்க வந்தவர் அவனைப் பெண்கள் வரிசையில் நிறுத்தினார். கஜபதி அங்கேயே போய் நின்றான். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. முடிச்சை அவிழ்க்க அனுராதா போனால், "நகரி பஸ் வந்துடிச்சா?" என்று மட்டும் கேட்பான்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவான். நகரி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மீசைக்காரர்களின் முகத்தையெல்லாம் அண்ணாந்து பார்ப்பான். மாமனை அவன் கண்ணால் கண்டதே இல்லை.

ஒருமுறை அம்மை வந்து பிழைத்த அனுராதாவுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். சந்தனத் தலையோடு அவள் வகுப்புக்கு வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். கஜபதி மட்டும் கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டான்.

"சந்தனம் பூசினா சில்லுனு இருக்குமா?"

"ஆங். ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும். வேணும்னா தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை. "எனக்குப் போடும்போது தெரிஞ்சிக்கறேன். அடுத்த ஆடிக்கு மாமா வந்துடுவாரு," என்றான்.

அடுத்த ஆடிக்கு முன்னால் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு வந்த நகரி பஸ்ஸிலிருந்து மீசைக்காரர் ஒருவர் இறங்கி, தெரு நெடுக மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

"எழுந்திருடா நைனா! மடி குடுக்க வந்துட்டேன்டா!"

அந்தச் சடை மட்டும் மடியை விட்டு வழிந்து புழுதியில் கிடந்தது. சடையை இழுத்த பையன்களெல்லாம் அன்றைக்குச் சுவரோரம் ஒண்டி நின்று விக்கி விக்கி அழுதார்கள்.

"அடுத்தது யாரும்மா? தாய்மாமன் வந்து உக்காருங்க," என்று முடி இறக்குகிறவர் கத்தினார்.

அனுராதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை இழுத்து மடியில் இருத்தினாள்.

"அனு, இன்னா பண்ற நீ?" என்று பதறினான் பாலமுருகன்.

"பத்து மாசம் சொமந்த வயிறுங்க இது. இந்த மடிய சாமி வேணாம்னு சொல்லுமா?" கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பினாள். "நீங்க எறக்குங்கண்ணா."

பிறந்த முடி கொத்துக் கொத்தாக அவள் மடியில் விழுந்தது.

மலையை விட்டு இறங்கியபோது அடிவாரத்தில் கன்னியம்மாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை பஞ்சாய் வெளுத்துவிட்டது. சந்தனத் தலையைப் பார்த்ததும் பொக்கை வாய் மலர்ந்தது.

"மாமன் வந்துட்டானா, அனும்மா?"

"வரலம்மா. நானே மடி குடுத்துட்டேன்."

கன்னியம்மாளின் கையிலிருந்த தேங்காய் உருண்டு போனது. அதை எடுக்க அவள் குனியவில்லை. தணிகைவேலைக் கிட்டே இழுத்து, உள்ளங்கையை அந்த மொட்டைத் தலைமேல் வைத்தாள்.

"சில்லுனு இருக்குதா கண்ணு?"

"ஆங்," என்றான் அவன்.

வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்கு அப்போ இது தோணலியே அனும்மா," என்றாள்.