மஞ்சள் டேப் பாதங்கள்

நாச்சாரத்தில் ஒரு பழைய ஷெட். அதன் சிமெண்டுத் தரையில் மஞ்சள் டேப்பால் வெட்டி ஒட்டிய இரண்டு பாதங்கள். என் செருப்பை வைத்துத்தான் அக்கா அளவெடுத்தாள். "ஆம்பளைக் காலா, பொம்பளைக் காலாக்கா?" என்றேன். "நிக்கிறவங்க கால்டா. வாய மூடிட்டு ஒயர இழு" என்றாள்.

நான் பத்தாவதை இரண்டு முறை கோட்டை விட்டவன். நிகழ்ச்சிகளுக்கு புரொஜக்டர் கட்டுவது என் பிழைப்பு. அக்கா என்று கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவள் இல்லை; கம்ப்யூட்டரில் கலை செய்கிறவள். போலாரத்தில் இருக்கும் வீட்டில் அவளை மகனாக வளர்த்தார்கள். அவள் பெண்ணாக வாழத் தொடங்கிய நாளிலிருந்து, எட்டு வருடமாக, அவளுடைய அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்காகவே இந்தச் சுவர்க் காட்சியைச் செய்தாள். பாதங்களில் நின்று கையைத் தூக்கினால் கேமரா அதைக் கண்டுகொள்ளும்; எதிர்ச் சுவரில் அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன் தெரிவான். கை உயர உயர அவனுக்கு மீசை அரும்பும். தலைக்கு மேலே போனால் மீசை கரைந்து, முடி நீண்டு, சேலை கட்டிய இன்றைய அக்கா நிற்பாள். கையை இறக்கினால் வெறும் வெள்ளைச் சுவர்.

"அப்ப பாக்கிறவங்களுக்குக் கை வலிச்சா நீ காலிதானாக்கா?"

"ஹவ், ஆமாடா" என்று சிரித்தாள்.

நான்கு நாள் கண்காட்சி. நான்கு நாளும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் சாயங்காலம் அப்பா வந்தார். அவளைப் பார்க்காமலே போய், யாரும் செய்யாததைச் செய்தார்: செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களில் ஏறினார். கை மெல்ல எழுந்தது. பையன் வந்தான். "இந்தச் சட்டை நான் வாங்கினது" என்றார் சுவரிடம். மீசை வந்தது. கை தோளுக்கு நேரே நின்றுவிட்டது. என் பக்கத்தில் இருந்த அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம்ப்பா" என்றாள், அவருக்குக் கேட்காத குரலில்.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது கிண்டல் ஒன்றுதான்.

"தூக்குங்க சார், அடுத்தது மீசை போயிடும்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கை விழுந்தது. சுவர் வெளுத்தது. "போதும்" என்றார் அப்பா. செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ எல்லாரையும்தானடா கிண்டல் பண்ணுவ" என்று சொல்லிவிட்டு, அவளே பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் நம்பரை இப்போது யாரோ எடுத்துத் தெலுங்கில் பேசுகிறார்கள். குடியிருந்த அறையைக் காலி செய்துவிட்டாள்; எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போலாரம் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். அப்பா கேட்டைத் திறக்கவே இல்லை. "நக்கோ தம்பி, வேணாம், போ" என்றார், உள்ளே நின்றபடி.

போன வாரம் அந்த ஷெட்டுக்குள் போனேன். இப்போது அங்கே டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் மஞ்சள் பாதம் ஒன்று முழுதாகவும் இன்னொன்று பாதியாகவும் மிச்சம் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். கேமரா இல்லை, புரொஜக்டர் இல்லை, எதிரே வெள்ளைச் சுவர். தோள் வலித்தது. கையை இறக்க மனம் வரவில்லை.