இங்கிலீஷ் தானாக ஒட்டிக்கொள்ளும் ஊர்

வெளிநாட்டில் இங்கிலீஷ் கற்கப் போகும் மாணவருக்கு முதல் வருட உத்தியோகம் ஊமையாக இருப்பதுதான், பட்டவர்களுக்குத் தெரியும். "கோலாலம்பூர் போனா இங்கிலீசு தானா ஒட்டிக்கிரும்" என்று தீர்மானித்து, அப்பா விருதுநகரிலிருந்து என்னை அனுப்பிவைத்தார். மொழிப் படிப்பின் முடிவில் பேச்சுத் தேர்வு. தேறினால் பட்டப்படிப்பில் இடம். தேறாவிட்டால் விசாவும் போச்சு, படிப்பும் போச்சு.

சாப்பாட்டுக் கடையில்

அறை கிடைத்ததோ பிரிக்ஃபீல்ட்ஸில். பூக்கடை, மளிகைக்கடை, முடிவெட்டும் கடை, எங்கே திரும்பினாலும் தமிழ். என் தலையெழுத்து. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன இங்கிலீஷ் வாக்கியத்தை, இலையில் பரிமாறிய அக்காவிடம் சொன்னேன். அவர் கரண்டியைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அக்கா, மலேசியத் தமிழுக்கே உரிய 'லா'வோடு சொன்னார்.

"ஊர்லேர்ந்து வந்த பிள்ளைதானே? தமிழ்லயே கேளு லா, சாம்பார்தானே வேணும்?"

வகுப்பில்

தாய்மொழியில் பேசினால் வெளியே நிற்க வேண்டும். இது மிஸ் போட்ட சட்டம். சீன மாணவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், வெளியே போவார்கள், அங்கே இன்னும் சௌகரியமாகப் பேசுவார்கள். அரபுப் பையன்களும் அப்படியே. எனக்குத் தமிழ் பேச ஆளில்லை, இங்கிலீஷ் பேச வாயில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் மிஸ் என்னை எழுப்பி நிறுத்தி எல்லாருக்கும் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"லுக், ஷீ நெவர் ஸ்பீக்ஸ் ஹர் லாங்குவேஜ். வெரி குட் ஸ்டூடண்ட்."

கவிதாவுடன்

அறைத்தோழி கவிதா பக்கத்து ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் வாய் ஓயாதவள். என்னிடம் இங்கிலீஷில் மட்டும் பேசு, தமிழில் ஒரு வார்த்தை பேசாதே என்று அவளைக் கெஞ்சினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் புண்ணியவதி. என்னிடம் பேசும்போது மட்டும் வங்கிக் கவுண்டர்க்காரி ஆகிவிடுவாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். என் இங்கிலீஷ் வளர்ந்தது, சிநேகம் வளரவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, "ஈட், தென் ஸ்லீப்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் பக்கத்தில் உட்காரேன் என்று எனக்கு இங்கிலீஷில் கேட்கத் தெரியவில்லை. தமிழில் கேட்க ரோஷம் விடவில்லை. அடுப்படியில் அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"பாவம்மா அந்தப் பொண்ணு. பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்த ஆறுதலா பேசலாம்னா, தமிழ்ல பேசக்கூடாதுன்னு சொல்லிருச்சு."

ஸ்பீக்கரில்

தேர்வில் தேறிவிட்டேன். செய்தி சொல்ல வீட்டுக்குப் போன் போட்டால், அங்கே சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டு, "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இங்கிலீசுல பேசு தாயி" என்றார்.

கூட்டத்தில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தைரியத்தில் பேசினேன். இங்கே எனக்கு ஒரு சிநேகிதியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச நாதியில்லை, அழாத நாளில்லை, திரும்பி வந்துவிடட்டுமா அப்பா என்று இங்கிலீஷில் கேட்டேன். ஓர் இடத்திலும் திக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும், பிள்ளைக்கு ஏன் தொண்டை கம்முது என்று கேட்டாள். அவளை அப்பா அடக்கினார்.

"சும்மா இரு, இங்கிலீசு அப்படித்தான் பேசுவாங்க. நீ இன்னும் கொஞ்சம் பேசு தாயி."

ஆக, மனசில் இருப்பதையெல்லாம் இங்கிலீஷில் கொட்டும் அளவுக்கு நான் தேறிவிட்டேன். யாரிடம் கொட்ட வேண்டுமோ, அவர்களுக்குத்தான் அது தெரியாது.